சேவல் கூவும் உயரம்

போன வாரம் பார்சல் ஆபீஸில் இப்போது வேலை பார்க்கிற இரண்டு பேர், பழனிசெட்டிபட்டியில் என் வீட்டைத் தேடி வந்தார்கள். ஒருவர் கையில் டேப், இன்னொருவர் கையில் அச்சடித்த தாள். உயிருள்ள கோழிகளை ரயிலில் அனுப்புகிற கூடை இனிமேல் இத்தனை அங்குல நீளம், இத்தனை அங்குல உயரம் இருக்க வேண்டும், ஒரு கோழிக்கு இவ்வளவு இடம் விட வேண்டும் என்று புது விதி வந்திருக்கிறதாம்.

"உங்க காலத்துல இதையெல்லாம் எப்படி அளந்தீக அய்யா?" என்று கேட்டார்கள்.

"அளக்கவே இல்லப்பா. சேவல் கூவுதான்னு பாத்தோம்" என்றேன்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரிசுக்கு மறை கழன்றுவிட்டது என்று நினைத்திருப்பார்கள். காப்பியைக் குடித்துவிட்டு மரியாதையாக எழுந்து போய்விட்டார்கள். அந்தக் கோபத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நாலு வரி எழுதியதும் தெரிந்துவிட்டது, பேச்சியைப் பற்றிச் சொல்லாமல் கூடையைப் பற்றி மட்டும் எழுத என்னால் ஆகாது.

மதுரையில் ஆறு மாதம் வேலை பழகினேன். எடை போடு, லேபிள் ஒட்டு, ரசீது கிழி. அதைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை. பிறகு போடிக்குப் போகும் புது லயனில் ஒரு சின்ன ஸ்டேஷனுக்குப் பார்சல் குமாஸ்தாவாக அனுப்பினார்கள். தேனிப் பக்கம்தான். எந்த ஸ்டேஷன் என்று சொல்ல மாட்டேன். நான் செய்த காரியத்துக்கு அந்த ஊரை எதற்கு இழுக்க வேண்டும்? எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது.

ஸ்டேஷன் மாஸ்டர் பெயர் வேதமாணிக்கம். நல்ல உயரம், ஒல்லி. சித்திரை வெயிலிலும் கோட்டுப் பொத்தானைக் கழுத்து வரை போட்டிருப்பார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும். என்ன சொல்கிறார் என்று கிட்டத்தில் போய்க் காதைக் கொடுக்க வேண்டும், போனால் திட்டு விழும். அப்படி ஒரு ஆள்.

மலையடிவார ஊர்களிலிருந்து கோழிகள் எங்கள் ஸ்டேஷனுக்கு வந்து மதுரைக்கு ஏறும். காலைக் கட்டிக் கொத்துக் கொத்தாகத் தலைகீழாகத் தொங்கவிட்டுக் கொண்டுவருவார்கள். அல்லது வெற்றிலைக் கூடை, மாம்பழக் கூடை என்று கையில் கிடைத்ததில் திணித்துக் கொண்டுவருவார்கள். ரயில் கம்பெனி விதிப் புத்தகத்தில் கோழி நிற்கிற மாதிரிக் கூடை வேண்டும் என்ற அளவில் ஒரு வரி இருந்தது. எவ்வளவு உயரம் என்று இல்லை. மாஸ்டர் முதலில் இரண்டு சாண் என்றார். வியாபாரிகள் "யார் சாண் சாமி? உங்க சாணா, எங்க சாணா?" என்று மல்லுக்கு நின்றார்கள். மாஸ்டருக்கு விரல் நீளம். அவர் சாண் அவர்களுக்கு ஒன்றேகால் சாண்.

ஒரு நாள் அவர் பிளாட்பாரத்தில் ஒரு கூடைக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே ஒரு சேவல் கழுத்தை நீட்டிக் கூவப் பார்த்தது. மூடியில் தலை இடித்தது. மறுபடி நீட்டியது, மறுபடி இடித்தது. அதற்குப் பிறகு அது கூவவில்லை. எழுந்து வந்து என்னிடம் சொன்னார், "இனிமே எல்லாக் கூடையிலயும் ஒரு சேவல் இருக்கணும். அது கூவணும். கூவுனா ரசீது. கூவலைன்னா கூடைய மாத்திக்கிட்டு வரச் சொல்லு."

இரண்டு நாள் நானும் சிரித்தேன். அப்புறம்தான் புரிந்தது. சேவல் கூவும்போது கழுத்தை முழு நீளத்துக்கும் நிமிர்த்தும். கூவுவதற்கு முன்னால் இறக்கையை இரண்டு தடவை படபடவென்று அடிக்கும். உயரம் குறைவாக இருந்தால் கூவ முடியாது. கோழிகளை நெருக்கித் திணித்திருந்தால் இறக்கை விரிக்க முடியாது. பயந்துபோன சேவலும் கூவாது, தண்ணீர் காட்டாத சேவலும் கூவாது. எல்லா விதியும் அந்த ஒரு கூவலுக்குள் அடங்கிவிட்டது. டேப் வைத்து அளக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கட்டும்.

செய்முறை இதுதான். கூடை வந்ததும் பிளாட்பாரத்து வேப்பமர நிழலில் வைப்போம். கால் கட்டை அவிழ்ப்போம். சிரட்டையில் தண்ணீர் வைப்போம். ஈரச்சாக்கைப் போட்டுக் கூடையை மூடுவோம். உள்ளே இருட்டாகி எல்லாம் அடங்கிவிடும். கொஞ்ச நேரம் கழித்துச் சாக்கை ஒரே இழுப்பாக இழுத்தால், விடிந்துவிட்டது என்று நினைத்துச் சேவல் கூவும். மாஸ்டர் அறைக்குள் தந்தி அடித்துக்கொண்டே காதைத் தீட்டிக்கொண்டிருப்பார். கூவியதும் வந்து, கூடையை ஒரு தடவை சுற்றிப் பார்த்து, "ஆகட்டும்" என்று கையெழுத்துப் போடுவார். கோழி வியாபாரிகள் எங்களை எத்தனையோ பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள். அத்தனையையும் இங்கே எழுத முடியாது. ஆனாலும் ஒரு வருஷத்துக்குள் எங்கள் பக்கம் கூடைகள் உயர்ந்துவிட்டன. நல்ல தொண்டை உள்ள சேவலுக்குக் கிராக்கி வந்துவிட்டது. ஒரே ஒரு தடவை தவிர, மதுரையில் போய் இறங்கும் எங்கள் கூடையில் ஒரு கோழி செத்திருந்தது என்று தந்தி வந்ததில்லை.

பேச்சி ஜெயமங்கலத்துக்காரி. புருஷன் ரங்கூனுக்குப் போன இடத்தில் காலராவில் போய்ச் சேர்ந்துவிட்டான். அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு, ஊர் ஊராக நடந்து கோழி வாங்கி, எங்கள் ஸ்டேஷனில் ஏற்றுவாள். மாஸ்டரின் கூவல் விதியைக் கேட்டுத் திட்டாத ஒரே வியாபாரி அவள்தான். முதல் நாளே, "சரியாத்தான சொல்றாக. நிமுந்து நிக்க முடியாம ரயில்ல போனா நமக்கு வலிக்காதாக்கும்" என்றாள்.

எனக்கு அவள் மேல் ஆசை. இந்த வயதில் இதைச் சொல்ல என்ன வெட்கம்? அவள் வருகிற நாளில் சட்டையைத் துவைத்துப் போட்டிருப்பேன். போர்ட்டர் கண்டுபிடித்துவிட்டான். "என்ன பார்சலு, இன்னிக்கு ஜெயமங்கலத்துக் கூடையா?" என்று கேட்பான். எங்கள் சனத்திலும் சரி, அவள் சனத்திலும் சரி, மறுதாலி கட்டுகிற வழக்கம் உண்டு. கேட்டிருக்கலாம். நாளை, அடுத்த வாரம் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன்.

ஒரு நாள் அவளே வேறு ஒரு விஷயத்தைச் சொன்னாள். அவளுடைய அண்ணன் குடும்பத்தோடு போடி மலைக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போக ஏற்பாடு செய்துவிட்டான். அவளும் கூடப் போக வேண்டுமாம். அவளுக்கு மலை பிடிக்காது. குளிரும் அட்டையும் யாருக்குப் பிடிக்கும்? மதுரையில் ஒரு மிலிட்டரி ஓட்டல்காரர், மூன்று தடவை ஒரு கோழிகூடச் சாகாமல் வந்து சேர்ந்தால் மாதா மாதம் அவளிடமே வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார்.

"அது மட்டும் அமஞ்சிருச்சுன்னா, நான் இங்கனயே தனியா ஒரு வீடு பாத்து இருந்துக்கிருவேன். மலைக்கு வரலைன்னு அண்ணங்கிட்டச் சொல்லிருவேன்" என்றாள்.

இரண்டு தடவை நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தது. மூன்றாவது தடவை அவள் வரவேண்டிய நேரத்துக்கு வரவில்லை. வண்டி வருவதற்கு அரை மணி இருக்கும்போது வந்தாள். சேலை முழங்கால் வரைக்கும் நனைந்திருந்தது. ஆற்றுக்குள் இறங்கும்போது மாட்டு வண்டி குடைசாய்ந்து, உயரக் கூடைகள் இரண்டும் நொறுங்கிவிட்டன. அக்கரையில் ஒரு மாந்தோப்பில் கெஞ்சிக் கேட்டு ஒரு பெரிய மாம்பழக் கூடையை வாங்கி, இருபத்திரண்டு கோழிகளையும் அதற்குள் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். கூடை அகலம். உயரம் ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேலே. அவ்வளவுதான்.

வேப்பமரத்தடியில் வைத்துச் சாக்கைப் போட்டேன். எடுத்தேன். கூவவில்லை. மறுபடி போட்டேன், எடுத்தேன். தூரத்தில் வண்டி ஊதும் சத்தம் கேட்டது.

"தண்ணி வச்சுப் பாப்பம்" என்று சிரட்டையை எடுத்துக்கொண்டு பேச்சி கிணற்றடிக்கு ஓடினாள். போர்ட்டர் சிக்னல் பக்கம் போயிருந்தான். மாஸ்டர் அறைக்குள் தந்தி தட்டிக்கொண்டிருந்தார். இன்று இந்தக் கூடை போகவில்லை என்றால் ஓட்டல்காரர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார், இவள் மலைக்குப் போய்விடுவாள். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. பார்சல் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்று, இரண்டு கையையும் வாயில் குவித்து, நான் கூவினேன்.

சின்ன வயசில் தோட்டத்தில் பழகிய வித்தை. நன்றாகவே வந்தது. ஆனால் நான் கூவி முடித்ததும், அந்தக் கூடைக்குள்ளிருந்து நிஜச் சேவல் ஒன்று பதிலுக்குக் கூவப் பார்த்தது. மூடியில் தலை இடித்து, பாதித் தொண்டையில் 'கர்' என்று நின்றுவிட்டது. அந்தச் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

மாஸ்டர் ஜன்னல் வழியாகவே தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பேச்சி தண்ணீரோடு ஓடி வந்தாள்.

"கூவிருச்சா?"

"கூவிருச்சு."

அவள் கூடையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "நல்ல சேவல்தான்" என்றாள். கூடையை நானே தூக்கிக் கார்டு வண்டியில் ஏற்றினேன். வண்டி போன பிறகு அவள் அந்த வேப்பமரத்தடியிலேயே உட்கார்ந்து, சிரட்டையில் மிச்சம் இருந்த தண்ணீரைக் குடித்தாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அன்று சாயங்காலம் வரை சந்தோஷமாகவே இருந்தது.

மறுநாள் காலையில் மதுரையிலிருந்து தந்தி. இருபத்திரண்டில் பதினொன்று செத்துவிட்டன. வெக்கையில், நிமிர முடியாமல், ஒன்றின் மேல் ஒன்று விழுந்து.

மாஸ்டர் என்னை உள்ளே கூப்பிட்டார். குரல் மிகவும் இறங்கியிருந்தது.

"நேத்துக் கூவுச்சே, ரெக்கை அடிக்கிற சத்தம் கேட்டியா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"எனக்கும் கேக்கலை. கேக்கலைன்னு தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டேன். எந்திரிச்சு வந்து பாக்கச் சோம்பல்." பார்சல் மேசையைக் காட்டினார். "அதுக்கு அடியில போய் உக்காரு. காலை வண்டி கெளம்பப் போகுது. அது மதுரை போய்ச் சேந்துருச்சுன்னு தந்தி வர்ற வரைக்கும் வெளிய வரக் கூடாது."

அந்த மேசை தாழ்வானது. உட்கார்ந்தால் தலையை நிமிர்த்த முடியாது, காலையும் நீட்ட முடியாது. முதலில் அவமானமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் அவமானம் போய்க் கழுத்து மட்டும்தான் இருந்தது. கழுத்து வலி தோளுக்கு இறங்கியது, முதுகுக்கு இறங்கியது. வியர்வை கண்ணில் வழிந்தது. தண்ணீர் கேட்க வாய் வரவில்லை. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. இடையில் பார்சல் போட வந்த ஒருவர் "குமாஸ்தா எங்க?" என்று கேட்டார். மாஸ்டர் "வேலையா இருக்காரு" என்றார். நான் பார்க்க முடிந்ததெல்லாம் மாஸ்டரின் பூட்சு மட்டும்தான். அவ்வளவு நேரமும் அவர் உட்காரவில்லை. மேசை பக்கத்திலேயே நின்றுகொண்டு வேலை பார்த்தார். மத்தியானச் சாப்பாட்டுத் தூக்கை அன்று திறக்கவே இல்லை. தந்தி வந்ததும் குனிந்து கையைக் கொடுத்து என்னை வெளியே இழுத்துவிட்டார்.

"இப்பத் தெரியுதா எவ்வளவு உசரம் வேணும்னு?" என்றார். தெரிந்தது. அதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசியதில்லை. மேலிடத்துக்கு எழுதிப் போட்ட அறிக்கையில் தவறு தன்னுடையது என்று எழுதியிருந்தார்.

பேச்சியிடம் விஷயத்தைச் சொன்னதும் மாஸ்டர்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார். அவள் அழவில்லை. "மாங்கூடைன்னு தெரிஞ்சும் நாந்தான ஏத்தச் சொன்னேன்" என்றாள். ஓட்டல்காரர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார். அடுத்த மாதமே அவள் அண்ணன் குடும்பம் போடிக்குக் கிளம்பியது.

எங்கள் ஸ்டேஷனில்தான் ஏறினார்கள். தட்டுமுட்டுச் சாமான்களுக்கு நான்தான் லேபிள் ஒட்டினேன். அவளிடம் கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். மலைக்குப் போக வேண்டாம், என்னோடு இரு என்று. ஆனால் கூவியது நான் என்று சொல்லாமல் அதைக் கேட்க முடியாது. சொல்லிவிட்டால் கேட்கவே முடியாது. வண்டி நகர்ந்தது. "வாரேன் பார்சலய்யா" என்றாள். "சரி" என்றேன். வேறு வார்த்தை கிடைக்கவில்லையா எனக்கு? சரி என்றா சொல்வார்கள்?

அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம், போடியிலிருந்து வரும் ஒவ்வொரு வண்டியிலும் இறங்குகிறவர்கள் முகத்தைப் பார்த்தேன். வீட்டில் பெண் பார்த்தார்கள். இப்போது வேண்டாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். வேலையில் மட்டும் ஒரு கூடையைக்கூடக் கூவாமல் விட்டதில்லை. மழை நாளில் சேவல்கள் சோம்பிக் கிடக்கும். வண்டியை விட்டாலும் விடுவேன், விதியை விடமாட்டேன். மாஸ்டரைவிட நான் மோசம் என்று வியாபாரிகள் சொன்னார்கள்.

யுத்தம் வந்தது. எங்கள் லயனில் தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போகப்போகிறார்கள் என்று உத்தரவு வந்தது. மாஸ்டருக்கு ஒரு ஊர், எனக்கு ஒரு ஊர் என்று மாற்றல். கடைசி வண்டி போடியிலிருந்து மதுரைக்குப் போகிற நாள். ஊர் சனம் வேடிக்கை பார்க்க வந்திருந்தது. பார்சல் ஒன்றும் இல்லை. நான் லேபிள்களைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

"பார்சலய்யா, கூடை ஒண்ணு ஏத்தணும்."

பேச்சி. தலையில் ஒன்றிரண்டு நரை. வெயிலும் குளிரும் மாறி மாறிப் பட்டுக் கன்னம் கறுத்திருந்தது. கழுத்தில் மஞ்சள் கயிறு இருந்தது. நான் அதைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். காலடியில் அவள் இடுப்பு உயரத்துக்கு ஒரு கூடை. உள்ளே ஒரே ஒரு சிவப்புச் சேவல்.

தோட்டத்துக் கணக்குப்பிள்ளை குடும்பம் மதுரையில் இருக்கிறது, அவர்களுக்கு அனுப்ப வேண்டும் என்றாள்.

"போடியிலயே ஏத்தியிருக்கலாமே. இவ்வளவு தூரம் மாட்டு வண்டியில எதுக்கு வந்த?" என்றேன்.

"அங்கன கூவச் சொல்ல மாட்டாகளாம்" என்றாள்.

வேப்பமரத்தடியில் கூடையை வைத்தேன். சிரட்டையில் தண்ணீர் வைத்தேன். சாக்கைப் போட்டேன், எடுத்தேன். சேவல் கூட்டத்தைப் பார்த்து மிரண்டு நின்றது. கூவவில்லை. மறுபடி போட்டு எடுத்தேன். வண்டி வந்து நின்றுவிட்டது. கார்டு எட்டிப் பார்த்துவிட்டு மாஸ்டரைப் பார்த்தார்.

பேச்சி என் பக்கம் திரும்பாமல், கூடையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நேரமாச்சுன்னா, அன்னைக்கு மாதிரி நீங்களே கூவிருங்க."

"தெரியுமா உனக்கு?" என்றேன்.

"என் சேவலோட தொண்டை எனக்குத் தெரியாதாய்யா? கெணத்தடியில கேட்டுக்கிட்டுத்தான் தண்ணி மொண்டேன். வேணாம்னு வந்து சொல்லியிருக்கலாம். சொல்லலை. எனக்கும் அது போகணும்னு இருந்துச்சு." சிரட்டையைச் சேவல் பக்கம் தள்ளி வைத்தாள். "நாந்தான் ஏத்தச் சொன்னேன்னு அன்னைக்கு மாஸ்டர்கிட்டச் சொன்னேன்ல. பொய்யில்ல அது. செத்ததுல பாதி உங்களுது, பாதி என்னுது."

"ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை?"

"நீங்க சொல்லுவீகன்னு பாத்தேன்" என்றாள். "வண்டி நகர்ற வரைக்கும் பாத்தேன்."

கார்டு விசிலை வாயில் வைத்தார். மாஸ்டர் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். "இருக்கட்டும். இதுக்குப் பெறகு இங்க வர வேற வண்டி இல்ல. கூவட்டும்" என்றார். குரல் இறங்கியிருந்தது, ஆனால் கோபம் இல்லை. கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்ட கோட்டோடு வெயிலில் நின்றார்.

நானும் பேச்சியும் கூடைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றோம். இதுவரை எத்தனை நூறு கூடைகளுக்கு முன்னால் நின்று, கூவித் தொலையேன் என்று வேண்டியிருப்பேன். அன்றைக்கு ஒரு நாள்தான் கூவிவிடாதே, கூவிவிடாதே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு நின்றேன். அது கூவாத வரைக்கும் வண்டி போகாது, அவளும் மலைக்குத் திரும்பிப் போக மாட்டாள்.

சேவல் ஒரு வாய் தண்ணீர் குடித்தது. தலையை நன்றாக நிமிர்த்தியது. இறக்கையை இரண்டு தடவை அடித்தது. மேலே இன்னும் ஒரு சாண் இடம் மிச்சம் இருந்தது. முழுசாகக் கூவியது.

"ஆகட்டும்" என்றார் மாஸ்டர்.

ரசீதைக் கிழித்துப் பேச்சியிடம் கொடுத்தேன்.